செங்கா தேடிய கசிவு

செங்கா மக்கில்ரெய்த்துக்கு வாய் சரியில்லை. எங்கள் குளிர் ஊரான கிரீனாக்கில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். மீதிப் பாதிப் பேர் வீட்டுக்கு, வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பார்க்க அவள் இன்னும் போனதில்லை.

ஒரு வாத்தியார் போன் செய்து, அறையைக் கதகதப்பாக்கும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றாராம். "வால்வத் தெறந்தீங்களா? தெறக்கல. படிச்ச மனுஷந்தான நீங்க?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள். அப்படி ஒரே மாதத்தில் ஆறு வீடுகள் கைவிட்டுப் போன பிறகுதான் என்னைத் தேடி வந்தாள். நான் முப்பது வருடம் ஒரு டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, காய்ச்சல்காரர்களையும் பொய்க் காய்ச்சல்காரர்களையும் சமாளித்தவள். இப்போது செங்காவின் தொழில் தொலைபேசி என் சமையலறை மேசையில் இருக்கிறது. திட்டுகிறவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவேன், நேரம் குறித்துக் கொடுப்பேன். "இஷ்பெல், நீ நடிக்கப் போயிருக்கலாம்டி" என்பாள். போயிருக்கலாம்தான்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் இருபது வருடம் மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை மூடியதும் அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் கடைகளில் கல்லாவுக்குப் போனார்கள். இவள் மட்டும் நாற்பது வயதில் கல்லூரிக்குப் போய், பதினேழு வயதுப் பையன்களோடு உட்கார்ந்து கேஸ் வேலை படித்தாள். அவர்கள் இவளுடைய கருவிப் பெட்டிக்குள் மீனைப் போட்டு வைத்தார்கள். இவள் அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்து, மறுநாள் அவர்கள் எதிரிலேயே தின்றாள். அதற்குப் பிறகு ஒருவனும் வாலாட்டவில்லை.

அவள் வேலையில் ஒரே ஒரு கொள்கை. "தண்ணி பொய் சொல்லாது. இருந்த எடத்துல இல்லன்னா வேற எங்கயோ போயிருக்கு. போன எடத்துல ஒரு தடயம் இருக்கும்."

அவள் அம்மாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்பது விளங்காது. ஐந்து வருடத்துக்கு முன் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். வேறு வழியில்லை. கிழவி இரண்டு முறை அடுப்பைத் திறந்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தாள். கிளம்பும் நாளன்று கிழவி வாசற்கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. செங்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். ஆறு வாரத்தில் அம்மா போய்விட்டாள். இன்றைக்கும் அந்த இல்லம் இருக்கிற தெருவுக்குள் செங்கா வண்டியை விடமாட்டாள். சுற்றிக்கொண்டுதான் போவாள்.

போன நவம்பர் நடுவில் கிர்ஸ்டீன் தொலைவில், இன்வர்னெஸ்ஸிலிருந்து எனக்குப் போன் செய்தாள். எங்கள் ஊர் ஆர்ச்சி லௌடனின் மகள். சின்ன வயதிலிருந்தே என்னை ஆன்ட்டி என்பாள்.

"இஷ்பெல் ஆன்ட்டி, அப்பா வீடு திரும்பவும் ஐஸா கெடக்கு. செங்கா செப்டம்பர்ல மாட்டுன புது பாய்லர்தான? மூணு நாளைக்கு ஒரு தடவ நின்னு போகுது. போன வாரம் நான் வந்தப்ப அப்பா கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு நாற்காலில உக்காந்திருக்காரு. ஒதடெல்லாம் நீலம்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"யார்கிட்ட சொல்லுவாரு அவரு? கேளுங்க ஆன்ட்டி, உங்க பக்கத்து ஊர் கூரக்ல ஆத்தப் பாத்த மாதிரி ஒரு இல்லம் இருக்கு. ஒரு ரூம் காலி. பிடிச்சு வெச்சிருக்கேன். டிசம்பர் பதினஞ்சுக்குள்ள வேணுமா வேணாமான்னு சொல்லணும். அதுக்குள்ள அந்த பாய்லர் நிக்காம வேல செஞ்சா அப்பா வீட்லயே இருக்கட்டும். இல்லன்னா நான் அவர அங்க சேக்கத்தான் போறேன். அவரு என்னத் திட்டட்டும், பரவால்ல."

திட்டுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி நெட்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, எல்லோரும் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். இறைச்சி பரிமாறியதும் ஆர்ச்சி எழுந்து நின்றார். நாற்பது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவர், குரல் கடைசி நாற்காலிவரை போகும். "எல்லாரும் கேட்டுக்குங்க. நெட்டாவும் நானும் வாழ்ந்த வீடு அது. என்னை அங்கேருந்து நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும். நானா நடந்து வெளிய வரமாட்டேன்." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். எங்கள் ஊரில் சாவுச் சாப்பாட்டில் எழுந்து நின்று ஒருவர் சொன்னது கல்லில் வெட்டியது மாதிரி. மறுநாளிலிருந்து கடையில், பஸ்ஸில், சர்ச்சில் எல்லோரும் அவரைப் பார்த்து, "ஆர்ச்சி மாதிரி இருக்கணும்ப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கிர்ஸ்டீன் சொன்னதை நான் செங்காவிடம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. அது அவள் கையால் மாட்டிய பாய்லர் என்பது ஒன்று. இல்லம் என்ற சொல் இன்னொன்று.

"பதினஞ்சாம் தேதியா? பத்தாம் தேதிக்குள்ள முடிக்கிறேன். அந்தப் பெருசு எங்கயும் போகாது" என்றாள்.

ஆர்ச்சியின் வீடு ஏற்றத்தின் உச்சியில், தெருவின் கடைசி வீடு. செங்கா போனபோது பாய்லரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. இந்தப் புது வகை பாய்லரில் தண்ணீர் வெளியிலிருந்து தானாக வந்து சேராது. குழாய்களுக்குள்ளும் ரேடியேட்டர்களுக்குள்ளும் அடைபட்ட தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும். அதன் அழுத்தம் ஒன்றரையில் நிற்க வேண்டும். அரைக்குக் கீழே போனால் பாய்லர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். முள் கீழே போகிறது என்றால் தண்ணீர் எங்கேயோ வெளியே போகிறது என்று அர்த்தம்.

"என்ன டாக்டரம்மா, நோயாளி பொழைக்குமா?" என்று ஆர்ச்சி தேநீரோடு வந்து நின்றார்.

"நீங்க பாய்லரத் தொட்டீங்களா?"

"அது கிட்டக்கூட நான் போறதில்ல."

அது உண்மைதான். அவர் பாய்லரைத் தொடவே இல்லை.

அவள் முள்ளை ஒன்றரைக்கு ஏற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். எட்டு ரேடியேட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு இணைப்பு. பதினாறு இணைப்பையும் மெல்லிய காகிதத்தால் துடைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெளிச்சுவரில் ஒரு குட்டிக் குழாய் எட்டிப் பார்க்கும், அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே துப்புவதற்கு. அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துப் பை காய்ந்தபடி தொங்கியது, முள் மட்டும் பூஜ்யத்தில். பாய்லருக்குள் காற்று அடைத்த ஒரு டப்பா உண்டு, சூட்டில் தண்ணீர் விரியும்போது அதற்கு இடம் கொடுக்க. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற அதன் ஊசியை அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் வந்தால் டப்பா போயிற்று என்று அர்த்தம். காற்றுதான் வந்தது.

"அதுவும் இல்லையா?" என்று கேட்டார் ஆர்ச்சி. இரண்டாவது கோப்பை தேநீரும் ஆறிக்கொண்டிருந்தது.

"அதுவும் இல்ல."

"ஒருவேள சரி பண்ணவே முடியாதோ? அப்படியும் சிலது இருக்குமில்ல?"

"சரி பண்ண முடியாததுன்னு ஒண்ணு கெடையாது பெருசு. அப்படிச் சொல்றவன் சோம்பேறி."

ஆர்ச்சி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாராம். இதை அன்றைக்குச் சாயங்காலம் செங்கா என்னிடம் சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் மனிதர்களின் குரலை வைத்தே நோயைக் கணக்குப் போட்டவள் நான். எனக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

அடுத்ததாக பாய்லருக்குக் கீழே இருக்கும் இரண்டு வால்வையும் மூடி, பாய்லரை வீட்டுக் குழாய்களிலிருந்து பிரித்து வைத்தாள். மறுநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பாய்லரில் முள் ஒன்றரையிலேயே நின்றது. வால்வைத் திறந்த கையோடு சரசரவென்று இறங்கியது. ஆக, பாய்லர் மேல் குற்றமில்லை. தண்ணீர் போவது வீட்டுப் பக்கத்தில்தான். அன்றைக்கு அவள் என் வீட்டுக்கு வரும்போதே பாதி வெறி பிடித்தவளாக வந்தாள்.

"தரைக்கு அடியிலதான் இருக்கணும். தரைப் பலகைய ஆணியடிச்சு மூடறப்ப நானே கொழாயில ஏத்திட்டேனோ என்னவோ. ஆணி ஏறுனா கொஞ்ச நாள் அடைச்சுக்கிட்டே இருக்கும், தெரியுமா? துருப்பிடிச்ச பெறகுதான் கசியும்."

"மூணு மாசத்துலயா துருப்பிடிக்கும்?"

"வாய மூடு இஷ்பெல்."

ஆர்ச்சி வீட்டுக் கூடத்தில் கம்பளத்தைச் சுருட்டி, ஏழு தரைப் பலகைகளைப் பெயர்த்து, வயிற்றால் ஊர்ந்து வீட்டுக்கு அடியில் போனாள். அறுபதை நெருங்குகிற பொம்பளை. அங்கே காய்ந்த மண்ணும், செத்த எலி ஒன்றும், எவனோ ஐம்பது வருடத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன சிகரெட் பெட்டி ஒன்றும்தான் இருந்தன. குழாய்களில் தூசி படிந்திருந்தது. ஈரம் பட்ட தூசி இல்லை. வெளியே வந்து தரையில் உட்கார்ந்து, ஆர்ச்சி எதிரிலேயே அழுதுவிட்டாளாம். தூசியினால் என்று என்னிடம் சொன்னாள்.

டிசம்பர் எட்டாம் தேதி கடைசி ஆயுதத்தை எடுத்தாள். ஒரு சாயம். குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டால் சும்மா பார்த்தால் தெரியாது. கருநீல விளக்கு ஒன்றை அடித்தால் பச்சையாக ஒளிரும். எங்கே ஒரு சொட்டு வெளியே வந்திருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். கலந்துவிட்டு, இரண்டு நாள் ஓடட்டும் என்று விட்டாள்.

பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு வீட்டுத் திரைகளையெல்லாம் இழுத்து மூடி இருட்டாக்கினாள். முள் பூஜ்யத்தில். விளக்கோடு ஒவ்வொரு அறையாகத் தவழ்ந்தாள். இணைப்புகளில் ஒன்றும் இல்லை. தரையில் ஒன்றும் இல்லை. கூடத்துக்குத் திரும்பி வரும்போது ஆர்ச்சி வாசற்படியில் கோப்பையோடு நின்றார். விளக்கு தற்செயலாக அவர் மேல் பட்டது.

அவருடைய விரல் நுனிகள் பச்சையாக எரிந்தன. நகக் கண்கள், சட்டையின் கைமுனை, கம்பளிச் சட்டைப் பையின் வாய், எல்லாம் பச்சை.

செங்கா அந்தச் சட்டைப் பைக்குள் கை விட்டாள். பித்தளைச் சாவி ஒன்று வந்தது. ரேடியேட்டர் உச்சியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுகிற சாவி. இந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது.

அவள் சிரித்த சிரிப்பில் மூன்று வாரப் பாரமும் இறங்கிவிட்டதாம். "அடப் பாவி மனுஷா! நீங்களா! தெனம் காத்து எறக்குறீங்களா?"

"எறக்குவேன். எப்பவும் எறக்குறதுதான்" என்றார் ஆர்ச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

செங்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். எங்கள் தலைமுறை முழுக்க அப்படித்தான். பழைய ஏற்பாட்டில் பரணில் ஒரு தொட்டி இருக்கும். ரேடியேட்டரில் எவ்வளவு திறந்துவிட்டாலும் தொட்டி தானாக நிரப்பிக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியோடு வீட்டைச் சுற்றி வந்து, ரேடியேட்டர்களை உஸ் உஸ் என்று மூச்சு விட வைப்பது ஆண்பிள்ளைகளின் வேலை. புது பாய்லரில் அதே பழக்கத்தைச் செய்தால், காற்று போன கையோடு தண்ணீரும் அழுத்தமும் போகும், நிரப்ப ஆள் இல்லை. இதை அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னாள். செங்கா பொறுமையாக ஒன்றை விளக்கினாள் என்பதே அதிசயம். அவர் தலையாட்டினார். சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்கு வந்து அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். "பழக்கம்டி! வெறும் பழக்கம்! பெருசு வீட்லயே இருக்கலாம்!" இரண்டு பேரும் பகல் ஒரு மணிக்கே விஸ்கி குடித்தோம்.

கிர்ஸ்டீனுக்குப் போன் செய்தது நான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை. செங்கா என்னிடம் சொல்லச் சொன்னது, கசிவு இல்லை, சரியாகிவிட்டது என்று மட்டும்தான். நான் சும்மா இருந்தேனா? "உங்கப்பா கல்லு மாதிரி இருக்காரும்மா. இன்னும் பத்து வருஷம் அந்த வீட்ல ஜம்முனு இருப்பாரு. இல்லத்துல போட்டா அவரு தாங்கமாட்டாரு. செங்கா அம்மாவப் பாத்தல்ல?" என்றெல்லாம் அளந்தேன். கிர்ஸ்டீன் போனிலேயே அழுதாள். எவ்வளவு நிம்மதி தெரியுமா ஆன்ட்டி என்றாள். மறுநாள் காலையில் இல்லத்துக்குப் போன் செய்து அந்த அறையை விட்டுக் கொடுத்துவிட்டாள். மதியத்துக்குள் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, பல்பு வாங்கலாம் என்று டூகல்ட்டின் இரும்புக் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில் அவன் சொன்னான்: "ஆர்ச்சி வெள்ளிக்கிழம வந்திருந்தாரே. கொட்ற மழையில ரெண்டு பஸ் மாறி. நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறாரு, பாவம்."

"என்ன வாங்குனாரு?"

"ரேடியேட்டர் சாவி. 'ஒண்ணு போதுமா?'ன்னேன். 'ரெண்டா குடு, ஒண்ண அவ புடுங்கிட்டா இன்னொண்ணு இருக்கும்'னாரு. யாரு இஷ்பெல் அது, அவ?"

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. பழக்கத்தில் செய்கிறவனிடம் சாவியைப் பிடுங்கினால், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கை பையைத் துழாவும், இல்லையென்றதும் விட்டுவிடும். மழையில் இரண்டு பஸ் மாறி வரமாட்டான்.

பல்பு வாங்காமலே செங்காவிடம் போனேன். சொன்னதும் அவள் எழுந்தாள். வண்டிச் சாவியை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

வீடு குளிர்ந்து கிடந்தது. ஆர்ச்சி சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் புதுச் சாவி வெளிப்படையாகக் கிடந்தது, பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் கறுத்த தண்ணீர். முள்ளைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

செங்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஏன் ஆர்ச்சி?"

"நீ நல்ல பொண்ணு செங்கா. கெட்டிக்காரி. ஆனா உன்ன யாரு கண்டுபுடிக்கச் சொன்னா?"

"கிர்ஸ்டீன் உங்கள இல்லத்துல போடறேன்னு சொன்னா. உங்களக் காப்பாத்தத்தான..."

"தெரியும்." அவர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். "அக்டோபர்ல குளியலறையில விழுந்துட்டேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். இடுப்பு அசையல. விடியற வரைக்கும் அந்தத் தரையிலயே கெடந்தேன். காலையில தபால்காரப் பய வந்தான். கதவு ஓட்டை வழியா கடுதாசி விழற சத்தம் கேக்குது. ஒரு குரல் குடுத்தாப் போதும். குடுக்கல."

"ஏன்?" என்று கேட்டது நான்தான்.

"ஊரே சொல்லுதே இஷ்பெல், ஆர்ச்சி மாதிரி இருக்கணும்னு. அந்த ஆர்ச்சி பேன்ட்ட நனைச்சுக்கிட்டுக் கெடக்கான்னு தபால்காரப் பய பாக்கணுமா? வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். அவன் போனப்புறம் தவழ்ந்து தவழ்ந்து எந்திரிச்சேன். அன்னையிலேருந்து எனக்கு பயம். வெளக்கணைக்க பயம். மாடிப்படிய பாத்தா பயம். சனிக்கெழம சாயங்காலம் வந்தா திங்கக்கெழம வரைக்கும் ஒரு மனுஷக் கொரல் கெடையாது."

"கிர்ஸ்டீன் கிட்ட ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தேன்.

"எப்பிடிச் சொல்றது? எல்லாரும் இருக்க எந்திரிச்சு நின்னு சொன்னவன். நீங்க எல்லாம் கையத் தட்டுனீங்க. ஆனா பாய்லர் கெட்டுப்போனா? வீடு வெறைச்சுப்போய் மக வந்து கூட்டிட்டுப் போனா? அது என் தப்பு இல்ல பாரு. ஆர்ச்சி தோத்துப்போகல, பாய்லர் தோத்துப்போச்சு. அவ்வளவுதான்."

செங்கா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உடைந்து வந்தது. "எங்கம்மா போகமாட்டேன்னு கதவப் புடிச்சுக்கிட்டாங்க ஆர்ச்சி. வெரல் வெரலா நான்தான் பிரிச்சேன். ஆறே வாரம். இன்னொருத்தர அப்படி அனுப்பக்கூடாதுன்னு..."

"நான் உங்கம்மா இல்லம்மா" என்றார் ஆர்ச்சி.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளை அப்படித் தாக்கியது. தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அறை போய்விட்டதை யார் சொல்வது? கிர்ஸ்டீன் அவரிடம், அப்பா இனி நீங்கள் எங்கும் போக வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். நான் அளந்ததால்தான் அறை போனது, நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"யாரு எடுத்துக்கிட்டா?"

"தெரியல. அடுத்து காலியாக வெயில் காலம் ஆகுமாம்."

"அப்படியா" என்றார். சன்னல் பக்கம் பார்த்தார். மழையில் ஆறு தெரியவில்லை. "அங்க கீழ் அறையில எல்லாரும் சேந்து சாப்புடுவாங்களாம். ஒருநா பஸ்ல போய் வெளியே நின்னு பாத்துட்டு வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செங்கா எழுந்து தன் போனை எடுத்து, கிர்ஸ்டீனின் எண்ணை அழுத்தி, சத்தமாக வைத்து மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்லமாட்டேன் ஆர்ச்சி. இஷ்பெல்லும் சொல்லமாட்டா. நாங்க ரெண்டு பேரும் பேசுன வரைக்கும் போதும்."

மணி அடித்தது. அவர் போனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஹலோ, செங்கா? அப்பாக்கு என்னாச்சு?" என்று கிர்ஸ்டீனின் குரல் வந்தது. ஆர்ச்சி போனை நோக்கிக் குனிந்தார்.

"கிர்ஸ்டீன். நான்தான்மா."

"அப்பா? என்னப்பா?"

"பாய்லருக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான். இங்க தனியா இருக்க முடியல. பயமா இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு, "அப்பா, ஐயோ அப்பா. வெள்ளிக்கிழமதான் அந்த ரூம விட்டேன். சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஒரு குழந்தையின் அழுகை. ஐம்பது வயதுக் குழந்தை.

சனிக்கிழமை கிர்ஸ்டீன் காரில் வந்தாள். அவளுடைய வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறை. அப்பாவுக்கு சோபாவில்தான் படுக்கை. ஆர்ச்சி ஒரு பையோடு, தானாக நடந்து, வாசலைத் தாண்டினார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். நாற்பது வருடம் அவர் பஸ் ஓட்டிய ஊர். இன்வர்னெஸ்ஸில் அவருக்கு மகளைத் தவிர ஒரு முகம் தெரியாது.

குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டில் தண்ணீரை விட்டுவைக்கக் கூடாது, உறைந்தால் குழாய் வெடிக்கும். அதனால் செங்கா அன்றைக்கே முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது. கீழ்க் குழாயில் ரப்பர்க் குழாயை மாட்டி வாசலுக்கு வெளியே சாக்கடையில் விட்டாள். பாய்லர் முன்னால் என்னை நிறுத்தி, முள்ளைப் பார்த்துச் சொல் என்றாள். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று. முக்கால். அரை. போயிற்று.

அவள் உள்ளே வந்து ஈரக் கையைத் துடைக்காமலே மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரம் இந்த வீட்ல மொழங்காலத் தேச்சேன் இஷ்பெல். வால்வு வால்வா, பலக பலகையா தட்டித் தட்டிப் பாத்தேன். 'உங்களுக்கு இங்க இருக்கப் புடிச்சிருக்கா'ன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்த மனுஷனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரா, மாட்டாரா?"

"சொல்லியிருக்க மாட்டாருடி. எவ்வளவு வீம்பு புடிச்ச ஆளு அவரு" என்றேன்.

அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.